கல்மாவும் கோடி ஆண்டுகளும்

என் தம்பிக்கு 'சகாப்தம்' என்ற சொல் பிடிக்கவில்லை. நான் எழுதிய பாடத்தை அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சொல் வந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். பிறகு, "பஸ் ஸ்டாண்டு செவுத்துல ஒட்டியிருக்காங்க பாருண்ணே, ஒரு சகாப்தம் சாய்ந்ததுன்னு. யாருடான்னு பாத்தா நம்ம வார்டு ஆளு. எழுவது வயசு. நீ என்னாடான்னா ஒரு சகாப்தம்னா ரெண்டு கோடி வருஷம்ங்கிற. படிக்கிறவன் யார நம்புவான்?" என்றான்.

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அடிக்கும்போது எரிச்சலாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் கல்லூரியில் நிலவியல் நடத்தியவன் நான். இவன் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒப்பந்தம் நான் போட்டதுதான். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்காகத் தமிழில் பாடம் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. கல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கும் புரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புரிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. தம்பி வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். தினமும் மதியம் மூன்று மணிக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அவன் வீட்டுக்குப் போவேன். எழுதியதை உரக்கப் படிப்பேன். அவனுக்குப் புரியாததை எல்லாம் மாற்றுவேன். இதுதான் எங்கள் ஏற்பாடு.

பூமியின் வயதைச் சொல்லும் சொற்கள் ஒவ்வொன்றாக அவனிடம் மாட்டிக்கொண்டன. மிகப் பெரிய பிரிவுக்கு 'ஊழி' என்று வைத்திருந்தேன். "ஊழின்னா உலகம் அழியறதுதான? நீ உண்டானத பத்தி எழுதற, அழியறத வச்சு பேரு வக்கிற" என்றான். சரி என்று 'யுகம்' என்று போட்டேன். "அது சாமி கதை. இருக்குறதே நாலு. நீ அஞ்சாவதா ஒண்ணு சேத்தா சண்டைக்கு வருவாங்க" என்றான். 'காலம்' என்றால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். மழைக்காலம் என்றான். அதற்கப்புறம், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்றான். விடாக்கண்டன். இந்தச் சொற்களுக்காக அறிஞர்கள் உட்கார்ந்து பேசும் கூட்டங்களில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். அங்கே எல்லோரும் அடுத்தவர் சொல்லைத் தள்ளிவிட்டுத் தன் சொல்லை வைக்கத்தான் பார்ப்பார்கள். சொல்லைக் கேட்டதும் மனதில் என்ன தோன்றுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடைசியில் ஊழியையே வைத்துக்கொண்டோம். "போவுது, ரெண்டு தடவ படிச்சா பழகிடும்" என்று விட்டுக்கொடுத்தான்.

எங்கள் ஊரின் பெயருக்கே பழைய மலை என்றுதான் பொருள். வகுப்பில் இதைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைப்பேன். பெயரில் மலை இருக்கிறது, ஊரைச் சுற்றிப் பார்த்தால் கரும்பும் நெல்லும் பீங்கான் பொம்மையும்தான் இருக்கின்றன, மலை எங்கே என்பேன். உண்மையில் மலை எங்கள் ஊருக்கு லாரியில் வந்துகொண்டிருந்தது. வெளி மாவட்டங்களில் உடைத்த குவார்ட்ஸ், பெல்ஸ்பார் என்னும் வெள்ளைக் கற்களைக் கொண்டுவந்து பீங்கான் பட்டறைகளின் வாசலில் கொட்டுவார்கள். அதை இயந்திரத்தில் உடைத்து, மாவாக்கி, களிமண்ணோடு சேர்த்து அரைத்துத்தான் பொம்மையும் ஜாடியும் செய்கிறார்கள். கல்மாவு என்பார்கள். என் தம்பி இருபத்திரண்டு வருஷம் அந்த மாவை அள்ளிக் கொட்டினான்.

அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது நான். இதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்து, எழுதாமல் இருந்தேன்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. அதுவரை லாரிக்குப் போனான், கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப்போனான், ஒன்றிலும் நிலைக்கவில்லை. பெண் வீட்டார் நல்லூர்ப் பக்கம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னோடு பள்ளியில் படித்தவர். தம்பியை ஸ்கூட்டரில் உட்காரவைத்து அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியில் அவன், "என்னா வேலைண்ணே?" என்று கேட்டான். "கல்லு வேலைதான். நம்ம லைனுதான். நான் கல்ல பத்திப் பாடம் நடத்துறேன், நீ அத அரைக்கப் போற" என்றேன். அவன் சிரித்தான். எனக்கும் பெரிய நகைச்சுவையாகத்தான் தோன்றியது.

மாலையில் அவன் வேலை விட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். தாயைப் போல அவனைப் பார்த்துக்கொண்ட என் மனைவி, கிழவன் வேஷம் போட்டு வருகிறான் என்று கேலி செய்வாள். பட்டறையில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொள்வார்கள். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும், நெஞ்சில் தங்காது என்பது நம்பிக்கை. மூக்கில் துண்டு கட்டச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்று அவிழ்த்துவிடுவார்கள். வெல்லத்தை மட்டும் மறக்க மாட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெண்ணாடம் பக்கம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிவைத்து, மருந்து போடாத நல்ல வெல்லமாகப் பார்த்து அவனுக்கு மாதாமாதம் வாங்கிக் கொடுத்தேன். வெல்லம் போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு. இது எனக்குத் தெரியாதா? அந்தக் கல்மாவு என்ன, அதற்கு என்ன குணம் என்று அந்தப் பட்டறையில் இருந்த எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை. இப்படிச் சொல்வதுகூட நான் தப்பித்துக்கொள்ளச் சொல்வதுதான். தெரிந்தே நினைத்துப் பார்க்காமல் இருந்தேன்.

இருமல் ஆரம்பித்தபோது எல்லோரும் டிபி என்றார்கள். மாதக்கணக்காக மாத்திரை சாப்பிட்டான். உடம்பு பாதியானதுதான் மிச்சம். மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு சைக்கிள் மிதிக்க முடியவில்லை, அப்புறம் சட்டை மாட்டினாலே மூச்சு வாங்கியது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். நுரையீரல் முழுக்கக் கல்தூசி படிந்து, அதைச் சுற்றித் தழும்பு கட்டிவிட்டது, அதை எடுக்க வழியில்லை, வேலையை விட்டாலும் நிற்காமல் கூடிக்கொண்டேதான் போகும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "நீங்க டீச்சர்னு சொன்னீங்க. அவருக்குப் புரியற மாதிரி நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பண்ருட்டி தாண்டியதும் கேட்டான்.

"என்னாண்ணே சொன்னாங்க?"

"நெஞ்சில தூசி சேந்திருக்குதாம்."

"அது வெளிய வந்துடுமா?"

"தூசி பக்கம் போவாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிடும்."

"எவ்ளோ நாளாவும்?"

"ஒரு வருஷம் ஆவலாம்" என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருப்பானா என்று தெரியாது. கல்லைப் பற்றி நான் சொன்னால் அது அவனுக்கு வேதம். மறுநாளே வேலையை விட்டான். நாட்காட்டியில் அடுத்த வருஷம் அதே தேதி வரும் இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டான். காலையில் இருமித் துப்பியதை உற்றுப் பார்ப்பான், வெள்ளையாக ஏதாவது வருகிறதா என்று. "இன்னிக்கு கொஞ்சம் வந்த மாதிரி இருக்குதுண்ணே" என்பான். நானும் தலையை ஆட்டுவேன். அவன் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

ஒரு வருஷம் முடிந்தது. உடம்பு தேறவில்லை. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் இயந்திரம் வீட்டுக்கு வந்தது. "இருவத்திரண்டு வருஷம் சேந்தது, ஒரு வருஷத்துல கரையுமா? நாமதான் பொறுமையா இருக்கணும்" என்று அவனே எனக்கு ஆறுதல் சொன்னான். அப்போதுதான் இந்தப் பாடம் எழுதும் வேலையை அவனிடம் கொண்டுபோனேன். அவனுக்குப் பொழுது போகட்டும் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அவனோடு வேறு எதைப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.

படுத்தால் மூச்சு முட்டும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்பான். முதல் பாடம் பூமியின் வயது. நானூற்று அறுபது கோடி ஆண்டுகள் என்று படித்தேன். நிறுத்தினான்.

"கோடி வருஷம்ங்கிறத எப்பிடிண்ணே நெனைக்கிறது?"

புத்தகங்களில் வழக்கமாகச் சொல்லும் உதாரணத்தைச் சொன்னேன். பூமியின் வயதை ஒரே நாளாகச் சுருக்கினால், மனிதன் வந்தது கடைசிச் சில விநாடிகளில் என்றேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். "சின்னதா ஆக்கிட்டா அது பெருசுன்னு எப்பிடித் தெரியும்?" என்றான். முப்பது வருஷத்தில் ஒரு மாணவனும் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் போனபோது கையில் ஒரு காகிதம் வைத்திருந்தான். பட்டறையில் கல்மாவும் களிமண்ணும் தண்ணீரும் கலந்து அரைக்கிற பெரிய இரும்பு உருளை இருக்கும். பால் மில் என்பார்கள். உள்ளே பந்து போல உருண்டைக் கற்கள் கிடந்து உருளும், அதனால் அந்தப் பெயர். அவன் மில் நிமிஷத்துக்கு முப்பது சுற்றுச் சுற்றுமாம். ஒரு சுற்றை ஒரு வருஷம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தான். நிமிஷத்துக்கு முப்பது வருஷம். எட்டு மணி நேர ஷிப்டுக்குப் பதினாலாயிரத்து நானூறு வருஷம். லீவு போக வருஷத்துக்கு முன்னூறு நாள், இருபத்திரண்டு வருஷம். மொத்தம் ஒன்பதரைக் கோடி.

"ஒம்பதரைக் கோடி வருஷத்துக்கு முந்தி இங்க என்னாண்ணே இருந்துச்சு?"

"அரியலூர் வரைக்கும் கடல் இருந்துச்சு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் வேல செஞ்ச அத்தன நாளையும் சேத்தா கடலு வரைக்கும் போயிருக்கேன்" என்றான். மனைவியைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னான். மில் சுற்றச் சுற்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றவன் அல்லவா? ஒன்பதரைக் கோடி சுற்று என்றால் எத்தனை என்று அவன் உடம்புக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. எனக்கு அது பின்னால் சுழிகள் போட்ட ஓர் எண், அவ்வளவுதான். அந்தக் கணக்கை அப்படியே பாடத்தில் சேர்த்தேன். அச்சில் வந்தால் ஒரு பிரதி வேண்டும் என்றான். தருகிறேன் என்றேன். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, அந்த ஒன்பதரைக் கோடி சுற்றுக்கும் அவன் பக்கத்தில் நின்று மூச்சு விட்டிருக்கிறான் என்ற நினைப்பு வந்தது. தெருவில் நின்று அழுதேன்.

இரண்டாம் பாடமும் முடிந்தது. மூன்றாம் பாடம் மலைகள் சிதைவதைப் பற்றியது. அதில்தான் சிக்கல்.

மலை எப்படி மண்ணாகிறது என்பதை நான் வகுப்பில் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பையன்கள் வந்து ஜன்னலில் நின்று கேட்பார்கள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அதே வாக்கியங்களைத்தான் பாடத்திலும் எழுதியிருந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் அதில் ஒரு பகுதியை அவனிடம் படிக்க முடியாது என்று தெரிந்தது. ஒரு வாரம் போகாமல் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த வாரம் அவன் மனைவியே வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, தினம் மூணு மணியானா வாசலையே பாத்துட்டு இருக்காருங்க. பாடம் இல்லன்னாலும் சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போங்க" என்றாள்.

பாடத்தைத் திருத்தி எழுதினேன். குறிப்பிட்ட ஒரு பகுதியை மொத்தமாக எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் ஒட்டவைத்தேன். இரண்டு பிரதியையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஏன் பழைய பிரதியையும் எடுத்துப்போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

திருத்தியதைப் படித்தேன். வெயிலில் பாறை விரிவதும் குளிரில் சுருங்குவதும், விரிசலில் தண்ணீர் இறங்குவதும், பெல்ஸ்பார் என்னும் கல் மெல்ல மெல்ல மக்கிக் களிமண்ணாக மாறுவதும், அந்தக் களிமண்தான் எங்கள் ஊர்ப் பொம்மையாவதும் வந்தன. நன்றாகத்தான் போயிற்று. படித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன்.

"குவார்ட்ஸு எங்கண்ணே?" என்றான்.

எனக்குப் புரியாதது போல அவனைப் பார்த்தேன்.

"களிமண்ணு சொல்லிட்ட. பெல்ஸ்பாரு சொல்லிட்ட. மூணும் சேந்தாத்தான கலவை? நான் இருவத்திரண்டு வருஷம் கலந்திருக்கேன். மலையில அந்த ரெண்டும் இருந்தா குவார்ட்ஸும் இருக்கும்ல. அது என்னா ஆவுது?"

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தக் கல்லை மறைத்துப் பாடம் நடத்திவிடலாம். அதை அள்ளிக் கொட்டியவனிடம் மறைக்கப் பார்த்திருக்கிறேன். படித்த முட்டாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

"விட்டுப்போச்சுடா" என்றேன்.

"நீ விடற ஆளு இல்ல" என்றான். "பையில என்னாமோ வச்சிருக்கியே, அதுலயா இருக்குது? படிண்ணே."

மறுத்திருக்கலாம். நாளை படிக்கிறேன் என்று எழுந்து வந்திருக்கலாம். அவன் என்னைப் பார்த்த பார்வையில், அவன் ஏற்கெனவே பாதி தெரிந்துகொண்டுதான் கேட்கிறான் என்று பட்டது. பழைய பிரதியை எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

'மற்றவை எல்லாம் மக்கி மண்ணாகும். குவார்ட்ஸ் மட்டும் மக்காது. பல கோடி ஆண்டுகள் மழை பெய்தாலும் அது கரைவதில்லை. அமிலம் பட்டாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மலையே இல்லாமல் போன பிறகும் அது மணலாகக் கிடக்கும். ஊழிகள் மாறினாலும் மாறாத கல் அது.'

கடைசி வாக்கியத்தை நான் வகுப்பில் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்வேன். பிள்ளைகள் பரீட்சையில் அதை அப்படியே எழுதிவைப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"சூளையில போட்டாலே அது முழுசா போவாதுண்ணே" என்றான் தம்பி மெதுவாக. "வெந்த ஜாடிய ஒடச்சுப் பாத்தா உள்ள பொடிப்பொடியா மின்னும். எத்தன தடவ பாத்திருக்கேன். அந்தச் சூட்டுலயே கரையாதது எனக்குள்ள மட்டும் கரையும்னு நெனைச்சேன் பாரு."

"டேய்" என்றேன். அவன் கையைப் பிடித்தேன். விரல்கள் குச்சியாக இருந்தன. மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்த வார்த்தையை இரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அவன் உடனே பரவாயில்லை என்று சொல்லியிருப்பான். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அவன் கையை விடுவித்துக்கொண்டு, என் மடியில் இருந்த காகிதத்தை வாங்கினான். நான் படித்த பகுதியை விரலை வைத்து ஒருமுறை தானே வாசித்தான். உதடு அசைவது தெரிந்தது. வாசித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அவன் குரலில் கோபம் இல்லை. பாடத்தில் ஒரு திருத்தம் சொல்வது போலத்தான் சொன்னான்.

"நல்லா எழுதியிருக்கண்ணே. யாரு படிச்சாலும் புரியும். அன்னிக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி இத எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டியிருக்கலாம்."